ஊற்றுக்கண்

அரபியில் நான் முதலில் கற்றுக்கொண்ட சொல் ‘ஐன்’. நர்ஸாக வந்தவளுக்கு வலி, காய்ச்சல், மூச்சு, வயிறு என்று எத்தனையோ சொல் அதற்கு முன்னால் தேவைப்பட்டிருக்கும். எனக்கு வாய்த்தது கண்.

2006-ஆம் வருஷம், அல் ஐனுக்கு வந்து மூன்றாவது வாரம். கண்புரை ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார் ஒரு பாட்டியம்மா. பித்தளைத் தகடு மாதிரி மின்னும் பழைய காலத்து புர்கா முகமூடியைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். விரல் நுனியெல்லாம் மருதாணி. சொட்டு மருந்தோடு போய் நின்றேன். கட்டுப் போட்ட கண்ணைத் தொட்டு “ஐன்” என்றார். அதே விரலை ஜன்னல் பக்கம் நீட்டி, வெளியே தெரிந்த பேரீச்சை மரங்களைக் காட்டி “அல் ஐன்” என்றார். மறுபடி கண். மறுபடி ஜன்னல். பாட்டிக்குப் புத்தி தடுமாறுகிறதோ என்று பயந்துபோனேன். பக்கத்துக் கட்டிலில் பி.பி. பார்த்துக்கொண்டிருந்த கோட்டயத்துச் சேச்சி சிரித்துவிட்டார். “கண்ணுக்கும் அதே பேரு, தண்ணி ஊறுற எடத்துக்கும் அதே பேரு. இந்த ஊரோட பேரே ஊத்துதான் மோளே.”

மருந்து பாட்டிலைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

நான் பிறந்தது நாசரேத்துக்குப் பக்கம், தேரிக்காட்டு ஓரம். செம்மணல், பனை, அதற்கு நடுவே கோயில் கோபுரம். கோயில் என்றுதான் எங்கள் பக்கம் சர்ச்சைச் சொல்வோம். ஒரு கோடையில் கிணறு வற்றித் தாத்தா உள்ளே இறங்கித் தோண்டினார். இரண்டு நாள் வெறும் மண்தான் வந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் கிணற்றுக்குள்ளிருந்து சத்தம்: “ஏட்டி, கண்ணு தொறந்துட்டு! ஓடிப்போயி ஆச்சியக் கூப்பிடு!” எட்டிப் பார்த்தேன். தாத்தாவின் கால் பெருவிரலுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி நனைந்து, மணலைத் தள்ளிக்கொண்டு, கொப்புளம் கொப்புளமாக வந்துகொண்டிருந்தது. ஆச்சி முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கிணற்று மேட்டிலேயே முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொன்னார்.

ஊற்றுக்கண். எங்களுக்கும் அது கண்தான். கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீட்டர் கடலும் வானும் தாண்டி வந்து, பாஷை புரியாமல், ஒன்றரை வயசு மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, ராத்திரி தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தவளுக்கு, ஒரு கிழவி விரலால் எழுதிக்காட்டிய முதல் பாடம் அது.

டிஸ்சார்ஜ் ஆகிற அன்றைக்கு அந்தப் பாட்டி ஒரு தட்டு பேரீச்சம்பழத்தை என் கையில் வைத்து, குழந்தை உண்டா என்று கேட்டார். உண்டு, ஊரில் இருக்கிறது என்று கையால் காட்டினேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. ஏதோ பெரிய கதை சொன்னார். எனக்குப் புரிந்தது ‘ஹாஜர்’ என்ற ஒரு பெயரும், ஏழு முறை இங்கும் அங்கும் ஓடிக் காட்டிய அவர் விரல்களும்தான். பிள்ளைக்குத் தண்ணீர் தேடி மலைக்கு மலை ஓடினவள். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் இன்றைக்கும் அந்த ஓட்டத்தை ஏழு முறை ஓடுகிறார்கள் என்று சேச்சி பிறகு சொன்னார். ஹாஜர் எங்களுக்கு ஆகார். ஞாயிறு பள்ளியில் படித்தவள்தான். சாராயின் வீட்டு வேலைக்காரி, எகிப்துக்காரி, கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடிப்போனவள். ஆண்டவருடைய தூதன் அவளைக் கண்டது ஒரு நீரூற்றின் பக்கத்தில். அவள் அங்கே தேவனுக்கே ஒரு பெயர் வைத்தாள். என்னைக் காண்கிறவர் என்று பொருள்படும் பெயர். எபிரெயத்திலும் ஊற்றுக்கும் கண்ணுக்கும் ஒரே சொல் என்று வருஷங்கள் கழித்து எங்கள் போதகர் சொன்னபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. அது எனக்கு முன்பே தெரிந்த மாதிரிதான் இருந்தது.

பதினாறு வருஷம் எனக்கு வெள்ளிக்கிழமைதான் ஞாயிற்றுக்கிழமை. 2022-ல் இந்த நாடு வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றும் வரைக்கும் எல்லாச் சபைக்கும் அப்படித்தான். ஒரு ஹால். ஒரு மொழிக்காரர்கள் பாடி முடித்து வெளியே வர, அடுத்த மொழிக்காரர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். பிலிப்பைன்ஸ்காரர்கள் விட்டுப்போன பூ வாசனையில் நாங்கள் துதி ஆராதனை ஆரம்பிப்போம். சனையா தொழிற்பேட்டை ஒர்க்‌ஷாப்பிலிருந்து வருகிற தம்பிமார் கை நகத்துக்குள்ளிருக்கும் கிரீஸ் போகாமலே இராப்போஜனத்துக்குக் கையேந்துவார்கள். குருத்தோலை ஞாயிறுக்கு ஊரில் பனை ஓலையும் தென்னங்குருத்தும் பிடித்தே வளர்ந்தவள் நான். இங்கே கையில் கொடுத்தது பேரீச்சை ஓலை. எருசலேம் வீதியில் ஜனங்கள் பிடித்தது இந்த ஓலையைத்தானே! அதன் முள் உள்ளங்கையில் குத்தியபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். முதல் சில வருஷம் எனக்குள் ஒரு குறை இருந்தது. ஊரில் என் அப்பா கைப்பிரதி கொடுத்தவர். மாலைத் தெருப் பிரசங்கத்துக்குப் பெட்ரோமாக்ஸ் தூக்கிப் போனவர். இங்கே ஒதுக்கிய வளாகத்துக்குள் ஆராதிக்கத் தடையில்லை. வெளியே, முஸ்லிம்களிடம் மதப் பிரசாரம் சட்டப்படி குற்றம். யூனிஃபார்ம் காலருக்குள் சிலுவைச் செயினை மறைத்துக்கொண்டு வார்டுக்குப் போகும்போது, வாயைக் கட்டிவிட்டார்கள், நான் எப்படிச் சாட்சியாயிருப்பேன் என்று மனசு குமுறும். இப்போது யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. எங்கள் ஊரில் ஒரே தெருவில் மூன்று சபை, மூன்றுக்கும் குழாய் ஸ்பீக்கர். அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கிழவி மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தது ஒருவருக்கும் கேட்கவில்லை. வாய் திறந்திருந்த ஊரில் காது அடைபட்டிருந்தது.

என் குமுறலை அடக்கியது இந்த ஊரின் கதை. கென்னடி தம்பதியின் கதை இங்கே வந்த எல்லா நர்ஸுக்கும் ஏதோ ஒரு டீ நேரத்தில் காதில் விழும்.

1960-ல் இது மணலும் தோப்பும் மண் கோட்டையும் மட்டும் உள்ள ஊர். அபுதாபியிலிருந்து இன்று ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடுகிற 160 கிலோமீட்டருக்கு அன்று ரோடே கிடையாது. எண்ணெய்ப் பணம் இன்னும் வரவில்லை. பிறக்கிற பிள்ளைகளில் பாதி தங்காது, பிரசவத்தில் மூன்றில் ஒரு தாய் போய்விடுவாள் என்று அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்வார்கள். அப்போது இந்தப் பகுதியை ஆண்டுகொண்டிருந்த ஷேக் சாயித், அமெரிக்க மிஷனரி டாக்டர்களான பாட் கென்னடியையும் அவர் மனைவி மரியன் கென்னடியையும் அழைத்தார். அந்த வருஷம் நவம்பரில் வந்தார்கள். ஷேக் கொடுத்த மண்செங்கல் விருந்தினர் வீடுதான் ஆஸ்பத்திரி. ஒயாசிஸ் ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்தார்கள். கென்னடி என்ற பெயர் இந்த ஊர்ச் சனங்கள் வாயில் நுழையாமல் ‘கனத்’ ஆயிற்று. பெண்கள் ஆண் டாக்டரிடம் வரமாட்டார்கள். மரியன் அம்மாவிடம் வந்தார்கள். ஒட்டகத்தில் வந்தார்கள், சுமந்துகொண்டு வரப்பட்டார்கள். 1961 மார்ச்சில் அங்கே பிறந்த ஒரு குழந்தை இப்போது இந்த நாட்டின் ஜனாதிபதி, ஷேக் முகமது பின் சாயித். 2019-ல் அந்த மருத்துவமனைக்கே ‘கனத் ஆஸ்பத்திரி’ என்று அதிகாரப்பூர்வமாகப் பெயர் மாற்றினார்கள். கிழவிமார் வாயில் அறுபது வருஷமாக இருந்த உச்சரிப்பு போர்டில் ஏறிவிட்டது!

நமக்கு இந்தக் கதை புதிதா என்ன? திண்டிவனத்தில் ஒரே ராத்திரி மூன்று வீட்டு ஆண்கள் வந்து கதவைத் தட்டி, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவிக்குப் பெண் டாக்டர்தான் வேண்டும் என்று கேட்டுத் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அதைப் பார்த்த இளம்பெண் ஐடா ஸ்கடர், டாக்டருக்குப் படித்து வந்து 1900-ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்ததுதான் இன்றைய சி.எம்.சி. என்னோடு வேலை பார்த்த பாதிப் பேர் அங்கே படித்தவர்கள்.

கென்னடிமாரைவிட எனக்கு நெருக்கமானவர் இன்னொருவர். நான் நர்ஸ் என்பதால் இருக்கலாம். கெர்ட்ரூட் டிக், கனடாக்காரர், நர்ஸ். 1962-ல் வந்தார். 38 வருஷம் இங்கேயே இருந்தார். இந்த ஊர்ச் சனங்கள் அவருக்கு லத்தீஃபா என்று பெயர் வைத்தார்கள். மென்மையானவள், இரக்கமுள்ளவள் என்று அர்த்தம். நர்ஸை ‘டாக்டோரா லத்தீஃபா’ என்று டாக்டராகவே ஆக்கிவிட்டார்கள். வாழ்நாளெல்லாம் பிரசவம் பார்த்தவர். தான் பார்த்ததையெல்லாம் கேமராவில் பிடித்து, பிறகு ஒரு நினைவுப் புத்தகமும் எழுதினார். 2009-ல் காலமானார்.

அவர் எத்தனை பிரசங்கம் பண்ணினார் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. எந்த வீட்டில் எந்தப் பிள்ளையைக் கையில் ஏந்தினார் என்பதை மட்டும் சொல்கிறார்கள். 38 வருஷம்! இருப்பதே ஒரு ஊழியம் என்று எனக்குப் புரியவைத்தது அந்த எண்தான். தைரியம் என்றால் எங்கள் பக்கம் உடனே தேவசகாயம் பிள்ளையை நினைப்போம். ஆரல்வாய்மொழியில் காற்றாடிமலையில் 1752-ல் சுடப்பட்டவர், 2022-ல் புனிதரானவர். அது ஒரு நாளில் முடியும் தைரியம் அல்ல. சாவுக்கு முன்னால் எத்தனை நாள் சித்திரவதை. இதே அரபு மண்ணில், ஏடனில், 2016 மார்ச் 4-ஆம் தேதி அன்னை தெரசா சபையின் முதியோர் இல்லத்தில் துப்பாக்கிக்காரர்கள் நுழைந்து 16 பேரைக் கொன்றார்கள். அதில் நான்கு பேர் கன்னியாஸ்திரிகள். யுத்தம் நடந்துகொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாதா? முதியவர்களைக் குளிப்பாட்ட ஆள் வேண்டுமே என்று தங்கிவிட்டவர்கள். எங்கள் சபை அன்று இரவெல்லாம் விழித்திருந்தது. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்ற பேச்சே அன்று எழவில்லை.

இந்தக் கதைகளில் பல முன்பே தெரிந்தவள்தான் நான். ஆனால் தெரிந்ததும் செய்ததும் ஒன்றல்ல என்பதை 2009-ல் ஒரு ராத்திரி காட்டிக்கொடுத்தது. அன்று நான் வேலை பார்த்த இடத்தில், வீட்டு வேலைக்கு வந்த ஒரு பெண் எமர்ஜென்சியில் கிடந்தாள். தமிழ் முகம். கண்ணால் என்னைத் தேடினாள். கேஸ் கீஸ் என்று வந்தால் என் விசா என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டு, ஸ்டோருக்குப் பஞ்சு எடுக்கப் போகிற மாதிரி போய்விட்டேன். திரும்பி வந்தபோது கட்டில் காலி. எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்கவும் பயம். ஒன்பது வருஷம் அந்தக் கட்டில் என்னுடனே தூங்கி என்னுடனே எழுந்தது. ஆண்டவரே, நல்ல சமாரியன் கதையில் பஞ்சு எடுக்கப் போனவள் ஒருத்தி இருக்கிறாளா என்று எத்தனை முறை உம்மிடம் கேட்டிருப்பேன்!

2018 அக்டோபர். நைட் டூட்டி. பத்தரை மணி இருக்கும். பெஷாவர்க்கார டாக்ஸி டிரைவர் ஒருவர் ஒரு பெண்ணைத் தாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். ரோட்டோரம் கிடந்தாள் என்றார். பதிவு மேசையில் எமிரேட்ஸ் ஐ.டி. கேட்டார்கள். அவளிடம் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் ஒரு சீப்பு, ஒரு போட்டோ, அவ்வளவுதான். டிரைவரிடம் நீங்கள் யார் என்று கேட்டார்கள். “அவளுக்கு இங்கே யாருமில்லை, அதனால் நான்தான்” என்று இந்தியில் சொல்லிவிட்டு, மீட்டரை நிறுத்தின வண்டியை வெளியே விட்டபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். போலீஸ் வந்தாலும் பதில் சொல்லத் தயாராக உட்கார்ந்திருந்தார் மனுஷர்.

சமாரியன் வந்தாயிற்று. நான் யார்?

டிரிப் போட ஊசி ஏற்றினேன். தோல் கிள்ளினால் அப்படியே நின்றது, அவ்வளவு வறட்சி. ஒரு பாட்டில் இறங்கினபின் கண் திறந்தாள். என் பெயர்ப் பட்டியைப் பார்த்தாள். “அக்கா, நீங்க தமிழா?” இலங்கை மலையகத்துப் பேச்சு. ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. மூன்று மாதச் சம்பளம் வரவில்லை, அடி விழுகிறது, ராத்திரி கதவு திறந்திருந்தது, நடந்துவிட்டாள். எங்கே போவது என்று தெரியாது. வெளிச்சம் தெரிந்த பக்கமெல்லாம் நடந்திருக்கிறாள்.

வீட்டு வேலைக்காரி. அந்நிய தேசம். கொடுமை தாங்காமல் ஓடிப்போனவள். ஐன் என்னும் ஊர்.

எனக்கு முதுகுத்தண்டில் ஏதோ ஓடியது. ஆகாரே, நீ இங்கேயா படுத்திருக்கிறாய்!

சாப்பிட ஏதாவது கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னார். கேண்டீனில் குபூஸும் பருப்பும்தான் மிச்சம். என் டப்பாவில் சோறும் பருப்புக் குழம்பும், பொரித்த சாளைக் கருவாடு இரண்டும் இருந்தன. கருவாட்டு வாசனைக்கே அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். “கையால சாப்பிடலாமா அக்கா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி! வலது கையில் ஊசி ஏற்றியிருந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து நானே பிசைந்து உருட்டி வாயில் வைத்தேன். முதல் கவளத்தை மெல்லாமல் வாயிலேயே வைத்துக்கொண்டு அழுதாள். இரண்டாவதை மென்றாள். மூன்றாவதில் ஒரு சின்ன முள். எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

அந்த நேரத்தில் என் வாய்க்குள் ஒரு வார்த்தையும் இல்லை. ஜெபம் இல்லை, வசனம் இல்லை. ஆனால் அந்தக் கட்டிலைச் சுற்றி இடமே மாறிவிட்டது. குளோரின் நாற்றம், மானிட்டர் சத்தம், தூரத்தில் யாரோ இருமுவது எல்லாம் அப்படியேதான் இருந்தன. ஆனால் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். இதை வேறெப்படிச் சொல்வேன்? நாசரேத்துக் கோயிலில் ஆயிரம் முறை திருவிருந்தில் முழங்கால் போட்டவள் நான். அப்பத்தை வாங்கினவள். கொடுக்கிறவருடைய கை எவ்வளவு சூடாக இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். என் கையே சுட்டது. நாலாவது கவளம் உருட்டும்போது என் விரல்கள் என்னுடையவை அல்ல.

“நீங்க வேதக்காரங்களா?” என்று கேட்டாள். குனிந்தபோது செயின் வெளியே வந்திருக்கிறது. ஆமென்றேன். “எனக்காக ஒரு வார்த்தை சொல்லிடுங்க உங்க சாமிக்கிட்ட.” அவள் மாரியம்மன் கோயில் கயிறு கட்டின கையைப் பிடித்துக்கொண்டேன். சொன்னேன். சத்தமில்லாமல். என்ன சொன்னேன் என்பது எனக்கும் அவருக்கும் இருக்கட்டும்.

பிறகு செய்ததெல்லாம் நர்ஸ் வேலை. பொறுப்பு நர்ஸிடம் போய் ஒளிக்காமல் சொன்னேன். என் பெயரிலேயே குறிப்பு எழுதினேன். கை நடுங்கியது, எழுதினேன். காலையில் சமூக சேவகர் வரும்வரை இருந்து, அபுதாபியில் இருக்கும் அவளுடைய தூதரகத்துக்குப் பேசவைத்தேன். 2017-லேயே வீட்டுப் பணியாளர்களுக்கென்று இந்த நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. வாரம் ஒரு நாள் ஓய்வு, ஒழுங்கான சம்பளம், பாஸ்போர்ட் தொழிலாளியிடமே இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. அந்தப் பிள்ளைக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. ஒன்பது வருஷத்துக்கு முன் எனக்குத் தெரிந்ததெல்லாம் பயம் ஒன்றுதான். என் விசாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைக் கேட்டால் 2009-ன் கட்டில் என்ன சொல்லும்!

டிரைவர் விடியும் வரை இருந்தார். ஃபஜ்ர் தொழுகைக்கு மட்டும் எழுந்து போனார். போகும்போது அவளுடைய போட்டோவைப் பத்திரமாக அந்தப் பையிலேயே வைத்துக் கொடுத்தார்.

ஏழரைக்கு டூட்டி முடிந்தது. வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. பேரீச்சந்தோப்பு வாசலில் இறங்கிக்கொண்டேன். ஊருக்கு நடுவே லட்சத்துக்கு மேற்பட்ட மரங்கள், இடையிடையே மண் சுவர், சுவருக்கு நடுவே ஒரு ஆள் நடக்கிற பாதை. வெளியே வெயில் ஏறிவிட்டது. உள்ளே இன்னும் இருட்டு முழுவதும் விலகவில்லை. மரத்தில் ஒருவர் இடுப்பில் கயிற்றுப் பட்டையோடு ஏறி ஓலை கழித்துக்கொண்டிருந்தார். எங்கள் தேரியில் பனையேறுகிற சித்தப்பாவின் முதுகு அப்படியே.

ஃபலஜ் என்று இவர்கள் சொல்கிற வாய்க்கால் அங்கே ஓடுகிறது. மலையடிவாரத்தில் ஒரு தாய்க்கிணறு தோண்டி, அங்கிருந்து நிலத்துக்கு அடியிலேயே சரிவாகச் சுரங்கம் வெட்டித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவருகிற வித்தை. இந்த ஊர்ப் பக்கம் கிடைத்திருக்கிற பழைய ஃபலஜுக்கு மூவாயிரம் வருஷ வயசு. 2011-ல் யுனெஸ்கோ இந்தத் தோப்புகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஆக்கியது. யார் நிலத்துக்கு எவ்வளவு நேரம் என்பதை நம் நீர்க்கட்டி பார்ப்பதுபோல ஒருவர் பார்த்து, மடை கட்டி மடை திறப்பார். நிலத்தடி நீர் இறங்கிப்போனதால் இப்போது போர் தண்ணீரையும் சேர்த்துத்தான் விடுகிறார்கள். பேரீச்சை மரம் அதைப் பற்றிக் கேள்வி கேட்கவில்லை.

நான் போய் உட்கார்ந்த கிளை வாய்க்கால் காய்ந்து கிடந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். உள்ளங்கையைப் பார்த்தால் இன்னும் பருப்புக் குழம்பின் மஞ்சள். எங்கோ மடை திறந்திருக்கிறார்கள். முதலில் ஒரு சத்தம், காகிதம் கசங்குகிற மாதிரி. பிறகு வளைவில் ஒரு நாக்கு. காய்ந்த சருகுகளையும் எறும்புகளையும் முன்னால் தள்ளிக்கொண்டு, வழி தெரிந்தவர் வருவதுபோல நேரே என் காலுக்கு வந்தது தண்ணீர்.

ஆண்டவரே! அந்த நொடியை எப்படி எழுதுவேன்!

கண் திறந்துட்டு ஏட்டி என்று தாத்தா கூப்பிடுகிறார். பாட்டி விரலை நீட்டுகிறார், ஐன், ஐன். கவளத்தை வாயில் வைத்தபடி அந்தப் பிள்ளை அழுகிறது. எல்லாம் ஒரே இடம், ஒரே நேரம். என்னை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே எங்கோ வானத்தில் இருந்து அல்ல. கீழேயிருந்து, தண்ணீருக்குள்ளிருந்து, என் பித்தவெடிப்புப் பாதத்தை நனைத்துக்கொண்டு பார்த்தார். சீஷர்களுடைய கால்களைக் கழுவினவர் அல்லவா! 2006-லிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தலையணையைக் கடித்த ராத்திரிகளைப் பார்த்திருக்கிறார். பஞ்சு எடுக்கப் போனதையும் பார்த்திருக்கிறார். பார்த்தும் முகத்தைத் திருப்பவில்லை. மலைக்குள்ளிருந்து, இருட்டுக்குள்ளிருந்து, யாரும் பார்க்காத சுரங்கத்தின் வழியே இத்தனை வருஷம் என்னை நோக்கியே நடந்து வந்திருக்கிறார்! நான் அவரை மறைத்து வைத்திருப்பதாக நினைத்த காலருக்குள்ளிருந்து, அவர்தான் என்னை ஒளித்துக் காத்திருக்கிறார்!

சிரித்தேன். அழுதேன். இரண்டும் சேர்ந்து வந்தது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று ஆச்சி சொன்ன மாதிரியே முந்தானை இல்லாமல் துப்பட்டாவை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு அந்த மண்ணில் முழங்கால் போட்டேன். யூனிஃபார்ம் நனைந்தது. தண்ணீர் முழங்காலைச் சுற்றிக்கொண்டு போனது. மரத்திலிருந்தவர் எட்டிப் பார்த்து, இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்திருப்பார். “தைப்?” என்று மேலேயிருந்து குரல் கொடுத்தார். நலமா என்று கேட்கிறார். “தைப், தைப்! அல்ஹம்துலில்லாஹ்!” என்று கத்தினேன். புகழ்ச்சியெல்லாம் இறைவனுக்கே. இந்த நாட்டில் நான் உரக்கச் செய்த ஒரே பிரசங்கம் அதுதான்.

அதற்கு நாலு மாதம் கழித்து, 2019 பிப்ரவரி 5-ஆம் தேதி, போப் பிரான்சிஸ் அபுதாபி ஸ்டேடியத்தில் பூசை வைத்தார். கத்தோலிக்கத் தோழிகளோடு நானும் பஸ்ஸில் போனேன். ஏறத்தாழ 1,80,000 பேர். வளைகுடாவில் அப்படி ஒரு கிறிஸ்தவக் கூட்டம் அதற்கு முன் கூடினதில்லை. நெஞ்சு நிறைந்தது, மறைக்க மாட்டேன். ஆனாலும் எனக்குப் பெரியது அந்தத் தோப்பில் பாய்ந்த ஒரு முழங்கால் தண்ணீர்தான். திரும்பும்போது பஸ் இருட்டில் அப்படிச் சொன்னேன். தோழிகள் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களுக்கு அவர்கள் நியாயம்.

அந்தப் பிள்ளை மூன்று வாரத்தில் ஊர் போய்ச் சேர்ந்தது. ஹட்டனிலிருந்து குரல் செய்தி ஒன்று அனுப்பியிருந்தது: “அக்கா, இங்க மழை. அம்மா ஒங்களுக்கு தேயிலை அனுப்பணும்கிறாங்க.” தேயிலை வரவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை. என் மகள் இப்போது பாளையங்கோட்டையில் காலேஜ் முடிக்கிறாள். கொரோனா மாதங்களில் சபைக் கதவுகள் அடைத்திருந்தபோதும், பி.பி.இ. உடைக்குள் வேர்த்துக் கரைந்தபோதும், கடைசி மூச்சில் கிடந்தவர்கள் பக்கத்தில் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் போனபோதும், அந்தக் காலைநேரத்து ஈரம் காயவில்லை.

ஒரு பழக்கம் மட்டும் அன்றிலிருந்து வந்திருக்கிறது. இன்றைக்கு நைட் டூட்டி ஏழு மணிக்கு. டப்பாவில் இரண்டு பேருக்குச் சோறு வைத்திருக்கிறேன்.